நாலு கொக்கி பாக்கி

மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் பெண்களைச் சோதனை போடும் போலீஸ்காரப் பெண்ணின் விரலில், போன ஆவணி மாதம் ரத்தம் வரவைத்துவிட்டேன். ஆயுதம் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. ஜாக்கெட்தான் போட்டுப் போயிருந்தேன்.

"ஸ்ஸ்... என்னக்கா இது?"

"ஊக்கு."

"ஊக்குன்னு தெரியுது. வரிசையா நாலு இருக்கு?"

"கொக்கி வைக்கணும்மா. ஒண்ணு வச்சாச்சு. நாலு பாக்கி."

"புது ஜாக்கெட்டா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு எண்ணைக் கேட்டால் சரியாகச் சொல்லித்தான் பழக்கம். "2011-ல தச்சது" என்றேன்.

விரலை வாயில் வைத்தபடியே அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "போங்க, உள்ள போங்க" என்றாள். அம்மனிடம் வேறென்ன கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த நாலு கொக்கியை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள் என்பதுபோல இருந்தது அந்த "போங்க".

நடந்தது இதுதான். 2011-ல் என் சித்தி மகன் கல்யாணம். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜாக்கெட் வெட்டி, லைனிங் கொடுத்து, கைக்குப் பைப்பிங் வைத்து, கழுத்துக்கு ஹெம்மிங்கும் முடித்துவிட்டேன். முதல் கொக்கியை வைத்து நூலை முடிச்சுப் போட்ட நேரத்தில் கரண்டு போனது. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் கரண்டு ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்போம். காலையில் ஐந்து மணிக்கு வேன். ஊக்கைக் குத்திக்கொண்டு ஏறிவிட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் மகன் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஊக்குகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவசரத்துக்கு என்று வைத்த சாமானைப்போல நிரந்தரமாகத் தங்குவது உலகத்தில் வேறில்லை.

ஒரு ஜாக்கெட்டோடு போயிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. பீரோவுக்கு மேலே ஒரு சூட்கேஸ். பரணில், வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டி. மூன்றிலும் நான் தைக்க ஆரம்பித்தவை இருக்கின்றன. எத்தனை என்று நான் எண்ணியதே கிடையாது. கடன்காரன் கூட்டிப் பார்க்க மாட்டான்.

எண்ணியவர் என் வீட்டுக்காரர். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற முதல் மாதம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். இரண்டாவது மாதம் வீட்டுப் பத்திரங்களை வருஷவாரியாக அடுக்கினார். மூன்றாவது மாதம் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

அன்று சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது கூடம் முழுக்கத் துணி. நடுவில் அவர், ஒரு நீள நோட்டோடு. அலுவலகத்தில் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. வந்த தபால் ஒவ்வொன்றுக்கும் ந.க. எண் போடுவார்கள்; முடிகிறவரை அது அதில் நிலுவையில் இருக்கும். என் தையலுக்கு அவர் அப்படி ஒன்று போட்டிருந்தார்.

"இருபத்து மூணு நிலுவை இருக்கு" என்றார். வருஷக் கணக்கில் பிறருடைய நிலுவையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிய மனிதர், சொந்த வீட்டிலேயே இவ்வளவு பெரிய நிலுவை இருந்ததைக் கண்டுபிடித்த பூரிப்பு முகத்தில் தெரிந்தது.

சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ந.க. எண் 4/1999. மகளுக்கு மூன்று வயதில் தைத்த ஸ்மாக்கிங் கவுன். முன்பக்கம் தேன்கூடு மாதிரி சுருக்கம் பிடித்து, ஒவ்வொரு சுருக்கத்திலும் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டுத் தையல். வலது கை இருக்கிறது. இடது கையை வெட்டி, ஒரு பேப்பரில் சுற்றி, "இடது" என்று எழுதி வைத்திருக்கிறேன். மகளுக்கு இப்போது இருபத்தொன்பது.

ந.க. எண் 7/2003. குறுக்குத் தையலில் மயில். கொண்டை, கழுத்து, கால் எல்லாம் கச்சிதம். தோகைக்கு மட்டும் பதினோரு விதமான பச்சை, நீல நூல் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எட்டு கிடைத்தது. மூன்றுக்காகக் காத்திருக்கிறேன். இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும், "நாட்டுக்கோழி அருமையா வந்திருக்கு" என்றார்கள்.

ந.க. எண் 11/2008. புகார்தாரர் அவரேதான். நீளமாக இருந்த பேன்ட்டை ஒன்றரை அங்குலம் குறைக்கக் கொடுத்தார். வலது காலைக் குறைத்துவிட்டேன்.

ந.க. எண் 12/2011 நீங்கள் அறிந்ததே.

ந.க. எண் 16/2015. மூன்று ஜன்னல், இரண்டு திரை. மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருப்பதால் அவசரமில்லை என்று விட்டேன். மரத்தை 2019-ல் வெட்டிவிட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் தலைச்சன் ந.க. எண் 1/1996. ஒட்டுத்துணிப் போர்வை. அதற்குப் பிறகு வருகிறேன்.

"இதுல பாதியை என்.டிஸ். போட்டு அனுப்பிரலாம்" என்றார். வந்த மனுவை அப்படியே மூலத்தோடு திருப்பி அனுப்பி, பதிவேட்டில் கணக்கை முடிப்பதற்கு அலுவலகத்தில் அந்தப் பெயர். கவுனை யாரிடம் திருப்பி அனுப்புவது என்று கேட்டேன். யோசித்தார். மகளுக்குப் போன் போட்டார். "அப்பா, அத வச்சு மிக்சியத் தொடைங்கப்பா" என்று அவள் சொன்னது கூடம் வரை கேட்டது. நான் அந்த நோட்டைப் பிடுங்கி வைத்தேன்.

பாதியில் கிடப்பவை நம்மைச் சும்மா விடுவதில்லை. புளூமா ஜைகார்னிக் என்ற உளவியல் ஆய்வாளர் பெர்லினில் சோதனைகள் செய்து, முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்திய வேலைதான் மனதில் நன்றாகத் தங்குகிறது என்று 1927-ல் எழுதினார். ஓட்டல் சர்வர்களைக் கவனித்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். மதுரையில் எந்தப் புரோட்டாக் கடையிலும் இதைப் பார்க்கலாம். எட்டு பேர் சாப்பிட்ட புரோட்டா, ஆம்லெட், கலக்கி அத்தனையும் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் அந்தத் தம்பி கல்லாவைப் பார்த்து ஒப்பிப்பான். காசு கொடுத்துவிட்டு வாசலில் நின்று, நான் எத்தனை சாப்பிட்டேன் தம்பி என்று கேட்டால் முழிப்பான். எனக்குக் காசு கட்டாத கணக்கு இருபத்து மூன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கவுனின் இடது கை வந்து தட்டி எழுப்பும்.

மெஷின் மேல் பழி போட வழியில்லை. அம்மா தவணையில் வாங்கி, எனக்குச் சீராகக் கொடுத்த மிதி மெஷின். எண்ணெய் விட்டால் இன்றும் பூனை மாதிரி ஓடும். தையல் மெஷினைத் தவணையில் விற்கும் வழக்கத்தை சிங்கர் கம்பெனி அமெரிக்காவில் 1856-லேயே கொண்டுவந்துவிட்டது. அம்மா கடைசித் தவணைவரை கட்டி முடித்தாள். முடிக்கும் குணம் அந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது போல.

சிங்கர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்குமே எதிரிதானா என்று கேட்டார். காந்தி சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப் போவதைப் பொறுக்காமல் சிங்கர் கண்டுபிடித்தது, அன்பில் பிறந்தது என்று காரணம் சொன்னார். (அந்த ராமச்சந்திரன்தான் பின்னால் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து, எங்களுக்குப் பக்கத்தில், திண்டுக்கல் போகிற வழியில் காந்திகிராமத்தை உருவாக்கினார்.) சிங்கரின் கதையைப் புரட்டினால் கொஞ்சம் தலை சுற்றும். 1851-ல் காப்புரிமை வாங்கிய அந்த மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். இருபதுக்கு மேல் பிள்ளைகள். எந்த மனைவியின் சலிப்பைப் பார்த்துப் பொறுக்கவில்லை என்று காந்தி விசாரித்ததாகத் தெரியவில்லை. அத்தனை பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டிய மனிதர் மெஷின் பக்கம் போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

காந்தி தம் அளவில் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1921 செப்டம்பரில், எங்கள் மேலமாசி வீதியில் ஒரு முடிவெடுத்திருந்தார். ஏழைகளை நினைத்துச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் வரைக்கும் வேட்டிக்கு மாறினார். அவர் நோக்கம் பெரியது. என் சின்னப் புத்திக்குத் தெரிவது, கொக்கி, காஜா, ஹெம்மிங் எதுவும் தேவைப்படாத உடுப்பு அது என்பதுதான். பெண்களுக்கு அந்த வசதியை யாரும் யோசிக்கவில்லை.

முடிக்க நான் முயற்சியே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருப்பதை முடிக்கிறவரை புதுத் துணி வாங்குவதில்லை என்று ஒரு ஜூலையில் சத்தியம் செய்தேன். ஜூலையில் செய்திருக்கக் கூடாது. ஆடித் தள்ளுபடி வந்தது. விளக்குத்தூண் பக்கம் வேறு வேலையாகப் போனவள் நாலு கட்பீஸோடு வந்தேன்.

தினமும் கால் மணி நேரம் போதும், உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒரு தோழி சொன்னாள். உட்கார்ந்தேன். கத்தரிக்கோலைக் காணோம். அது சமையலறையில் பால் பாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தது. துணி வெட்டுகிற கத்தரியில் பால் பாக்கெட் வெட்டுவது கொலைக்குச் சமம் என்று பத்து நிமிஷம் வீட்டில் பேசினேன். மிச்ச ஐந்து நிமிஷத்தில் ஊசியில் நூல் கோத்தேன். மறுநாள் மறுபடி கத்தரியைக் காணோம்.

வட கர்நாடகக் காடுகளையொட்டி வாழும் சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் கவந்தி என்ற போர்வையைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது. நாமெல்லாம் நடுவில் ஆரம்பித்து, கடைசியில் ஓரம் மடிக்கத் திணறுகிறோம். அவர்கள் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். முடித்த பிறகு மூலைகளில் துணியை மடித்துப் பூ வைப்பார்களாம். சலிப்பான ஓரத்தை முதலிலேயே தொலைத்துவிடும் அந்தப் புத்திசாலித்தனத்தை மெச்சி, நானும் அப்படி ஒன்று ஆரம்பித்தேன். ந.க. எண் 22. ஓரம் பிரமாதமாக வந்திருக்கிறது. நடுவில் பெரிய ஓட்டை.

அமெரிக்காவில் போர்வை தைக்கும் பெண்கள் பாதியில் விட்டவற்றை யூ.எஃப்.ஓ. என்று கூப்பிடுகிறார்கள், முடியாத உருப்படி என்று அர்த்தம். பறக்கும் தட்டுக்கும் அதே பெயர். வைத்தவர் அனுபவசாலி. இந்த வாரம் முடித்துவிடுவேன் என்று நான் சொல்லும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும், பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள்.

சரி, ரத்தம் வந்த நாளுக்கு வருகிறேன். தரிசனம் முடித்து வெளியே வந்ததும் அவமானம் சூடாக இருக்கும்போதே கொக்கி வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். முன்பென்றால் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் நுழைந்தால் போதும். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். நாயக்க மன்னர்கள் கல்லில் கும்பிட்டு நிற்க, அவர்கள் காலடியில் வரிசையாகத் தையல் மெஷின்கள் கடகடக்கும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் ஒரு கடை. ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டு அம்மனைப் பார்த்துத் திரும்புவதற்குள் தைத்து வைத்திருப்பார்கள். சில வருஷங்களுக்கு முன் கடைகளை அங்கிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழக்கமான பாயை அங்கே தேடிப் பிடித்தேன். கழுத்தில் அதே டேப்பு. மெஷினும் அதேதான். தூண்தான் இல்லை.

"பாய், நாலு கொக்கி. நிக்கிற நேரத்துல வச்சுக் குடுங்க."

அவர் மெஷினுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆளுயரத்துக்கு ஜாக்கெட் குவிந்து கிடந்தது. எல்லாம் தைத்து முடித்தவை. ஒன்றிலும் கொக்கி இல்லை.

"காஜாப் பையன் நின்னுட்டான் டீச்சரம்மா. மொபைல் கடைக்குப் போயிட்டான். பதினஞ்சு நாளா ஒரு உருப்படி வெளிய போகல."

"நீங்களே வச்சா என்ன பாய்?"

மூட்டை தூக்கச் சொன்னதுபோலப் பார்த்தார். "வெட்டுறவன் வேற, மிதிக்கிறவன் வேற, காஜா எடுக்குறவன் வேறம்மா. நாப்பது வருசமா மெஷின்ல இருக்கேன். கொக்கி வைக்க உக்காந்தா எனக்குக் கொட்டாவி வரும். வெட்டுற கைக்கு அது வராது."

அந்த இடத்திலேயே எனக்குக் கண்ணைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்த மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். சோம்பேறி ஒரு போர்வைக்கு 369 சதுரம் வெட்டுவாளா? எனக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும். துணியைத் தரையில் விரித்து, சாக்குக்கட்டியால் முதல் கோடு போடும்போது ஒரு ருசி இருக்கிறது. கண்ணில் அப்போதே முடிந்த உருப்படி தெரிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை அது அங்கேயே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் கூலி வேலை. அந்தக் கூலி வேலைக்கு ஊரெல்லாம் தனி ஆள் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் வைக்கவில்லை.

அங்கிருந்து எழுகடல் தெருப் பக்கம் நடந்தேன். புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராய கோபுரம் நிற்கிறது. நிற்கிறது என்பதுகூட மரியாதைக்குத்தான். அடித்தளமும் பிரம்மாண்டமான கல் நிலைத் தூண்களும். அதற்கு மேல் வானம். அடியில் பாத்திரக் கடைகள். இதையும் ஆரம்பித்தவர் திருமலை நாயக்கர். முடிந்திருந்தால் மற்ற கோபுரங்கள் எல்லாம் இதற்குப் பிள்ளைகள்போல இருந்திருக்கும். 1623 முதல் 1659 வரை முப்பத்தாறு வருஷம் ஆண்டவர். மண்டபம் கட்டினார், மகால் கட்டினார், இதை மட்டும் விட்டுவிட்டார். அந்த மகாலிலும் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். தைத்ததைப் பேரப்பிள்ளைகள் பிரிப்பது அன்றே இருந்திருக்கிறது. அத்தனை யானையும் ஆளும் வைத்திருந்தவருக்கே ஒன்று பாக்கி நின்றது என்றால் டிரங்குப் பெட்டிக்காரி எந்த மூலை.

வடக்குக் கோபுரத்தின் கதை இன்னும் எனக்கு நெருக்கம். நாயக்கர் காலத்தில் ஆரம்பித்து மேல்நிலை இல்லாமல் மொட்டையாகவே பல தலைமுறை நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தார் குடும்பம் ஒன்று வந்து முடித்துக் கொடுத்தது. முந்நூறு வருஷம் பொறுத்து வந்த காஜாப் பையன்கள். இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. முடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மதுரையில் அதற்குப் பெயர் இன்னும் மொட்டைக் கோபுரம்தான். நான் இருபத்து மூன்றையும் முடித்தாலும் என் நாத்தனார் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பாய் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப கீழ்நிலைப் பணியிடம் ஒண்ணு காலியா இருக்கு. அதான் பிரச்சினை."

"ஆமா."

"வயசு வரம்பு உண்டா?"

அறுபத்திரண்டு வயதில் என் வீட்டுக்காரர் காஜாப் பையனாகச் சேர்ந்தார்.

முதல் கொக்கிக்கு நாற்பது நிமிஷம் ஆனது. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவில் எவ்வளவு என்று அரசாணை கேட்காத குறை. ஊசியை அவர் குத்தியதில் பகை தீர்க்கும் வேகம் இருந்தது. கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, வெற்றியோடு எழுந்து நின்றார். ஜாக்கெட்டும் கூடவே எழுந்தது. வேட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

இரண்டாவது வாரம் கை பழகிவிட்டது. எனக்குப் பிடிக்காத ஒவ்வொன்றும் அவருக்குப் பிடித்திருந்ததுதான் விசேஷம். ஒரே மாதிரி, ஒரே இடைவெளி, யோசிக்க ஒன்றும் இல்லை, முடிந்ததும் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. "முப்பது வருசமா இப்படி ஒரு சீட்டுக்குத்தாம்மா நான் ஆசப்பட்டேன்" என்றார். சேலைக்கு ஃபால்ஸ் அடித்தால் உள்பக்கத் தையல் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. தன் பேன்ட்டின் இடது காலைத் தானே குறைத்துக்கொண்டார். இதற்குள் அவர் இளைத்துவிட்டதால் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, அது வேறு விஷயம். 12/2011-க்கு நேராகப் பச்சை மையில் "முடிவு" என்று எழுதினார். பச்சை மையை ஓய்வு பெற்ற பிறகு பயன்படுத்தலாமா என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு ஆறு ஜாக்கெட்டை நீட்டினாள். மாடி வீட்டிலிருந்து மூன்று. இப்போது எங்கள் தெருவில் அவருக்கு இருக்கும் மரியாதை, பணியில் இருந்தபோது இருந்ததில்லை. "சார், அவசரமில்லை சார்" என்று பெண்கள் வாசலில் நின்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவரும், "வரிசைப்படிதான் பார்க்க முடியும்" என்கிறார்.

இப்போது 1/1996.

மகள் வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது. எங்கள் அம்மாச்சி பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பழைய நூல்சேலையை நாலாக மடித்து, நீளவாக்கில் ஓட்டுத்தையல் போட்டு மெத்தை தைப்பாள். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான். புதுத்துணியின் கஞ்சி மேலில் உறுத்தும் என்பாள். எந்த மெத்தையும் அவளிடம் பாதியில் நின்றதில்லை. பிரசவம் தள்ளிப்போடுகிற விஷயமில்லையே. நான் படித்தவளல்லவா, ஒரு சஞ்சிகையில் ஒட்டுத்துணிப் போர்வையின் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிதாகத் திட்டம் போட்டேன். இரண்டு அங்குலச் சதுரம் ஒன்பது சேர்ந்தால் ஆறு அங்குலக் கட்டம் ஒன்று. அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பன்னிரண்டு, ஆக 120 கட்டம். அறுபதுக்கு எழுபத்திரண்டு அங்குலம். மொத்தம் 1,080 சதுரம். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும்.

துணியெல்லாம் வீட்டுத் துணி. அம்மாவின் சுங்குடிகள்தான் முக்கால்வாசி. ஒரு சுங்குடிக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு போட்டு, சாயத்தில் முக்கி, ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அப்படிப்பட்ட சேலையை வெட்டிப் பாதியில் போட்டுவிட்டேன் என்பது எனக்கு இன்னொரு உறுத்தல். அப்பாவின் கோடு போட்ட சட்டை, என் பள்ளிக்கூடத் தாவணி, சீமந்தத்துக்கு அத்தை கொடுத்த சேலையின் முந்தி. நாற்பத்தோரு கட்டம் வந்திருந்தது. அந்தச் சமயம் மகள் பிறந்துவிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டில் யார் பிள்ளைக்குப் போர்வை தைக்க முடியும்?

பிறகு ஒவ்வொரு பருவத்திலும் அதன் நோக்கம் மாறியது. அவள் பள்ளிக்கூடம் போகும்போது, ஹாஸ்டல் போகும்போது, கல்யாணத்துக்கு. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறப்பேன், 79 கட்டம் பாக்கி என்று கணக்கு வரும், மூடிவிடுவேன்.

போன தை மாதம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. "அம்மா, நீ பாட்டியாகப் போற."

சந்தோஷத்தில் நான் முதலில் சொன்னது, "79 பாக்கி."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. சாப்பிட்டியா?"

ராத்திரி பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிவர வேண்டும். அதற்குள் 711 சதுரம் வெட்டி ஒட்ட எந்த ஜென்மத்தில் முடியும்? அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பொறக்கப் போற பிள்ள எவ்வளவு நீளம் இருக்கும்?"

"ஒன்றரை அடி, ஒண்ணே முக்கா."

"அதுக்கு எதுக்கு ஆறடிப் போர்வை? திருத்திய மதிப்பீடு போடு."

முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது தோன்றவில்லை. ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு. முப்பத்தாறு அங்குலச் சதுரம். என்னிடம் இருந்தது நாற்பத்தொன்று. போர்வை முடிவதற்குத் தேவையான எல்லாமும் இருபத்தொன்பது வருஷமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

முப்பத்தாறையும் மெஷினில் நான் இணைத்தேன். அதுவரை என் வேலை. நடுவில் திணிக்க அம்மாவின் கடைசிச் சுங்குடியை, நைந்து வெண்ணெய்போல ஆகிவிட்டதை, இரண்டாக மடித்து வைத்தோம். அடியில் ஒரு பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம். அவர் போட்ட வரிசை நோட்டில் மார்ஜின் போட்டதுபோல நேராகப் போகும். என்னுடையது வைகை போகிற மாதிரி வளைந்து, தண்ணீர் இல்லாத இடத்தில் காணாமல் போகும். நடுவில் இரண்டும் சந்திக்கவே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம். ஓரம் மடித்தது முழுக்க அவர். நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் தெருவில் கொக்கி வேலை நிறுத்தம்.

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் முடிந்தது. மகள் வந்து பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு சதுரமாகத் தொட்டு, இது தாத்தா சட்டை, இது உன் தாவணி என்று சொல்லிக்கொண்டு வந்தவள், ஓரத்தில் கையை வைத்து, "இது மட்டும் இவ்வளவு நேரா இருக்கே, வெளிய குடுத்தியா?" என்றாள். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அவர் தன்பதிவேட்டை எடுத்து 1/1996-க்கு நேராகப் பச்சை மையில் எழுதினார். எழுதி ஊதினார். நான் டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஐந்து கட்டம் மிச்சம் கிடந்தது. எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மேலே, இரண்டு கீழே, ஒன்று நடுவில். மாற்றி வைத்துப் பார்த்தேன்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. மூணுக்கு மூணு ஒன்பது இருந்தா, பதினெட்டு அங்குலத்துல ஒரு திண்டு உறை ஆயிரும்."

"எத்தனை கொறையுது?"

"நாலுதான் பாக்கி."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, 24 என்று போட்டார். நான் அதற்குள் கத்தரிக்கோலைத் தேடிச் சமையலறைக்குப் போயிருந்தேன்.